மேற்கே போனா ஒரு மணி நேரம் இலவசம்

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறார். வயது இருபத்தேழு. பெயர் எதற்கு? நாங்கள் எல்லாரும் 'கியர்' என்றுதான் கூப்பிடுகிறோம். காரணம், அவருடைய சைக்கிள். அதற்கு இருபத்தோரு கியர். விலை என்ன என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சொன்னார். அந்தப் பணத்தில் என் கல்யாணம், சீர்வரிசை நீங்கலாக, முடிந்திருந்தது.

போன பங்குனியில் ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

"சார், உங்களுக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம்தானே? கோடியக்கரைக்கு சைக்கிள்ல போகலாம்னு இருக்கேன். ஈஸி, மீடியம், ஹார்டுன்னு மூணு லெவலா ரூட் பிரிச்சுக் குடுங்களேன்."

"எது ஈஸி, எது ஹார்டுன்னு எப்படித் தம்பி கண்டுபிடிப்பீங்க?"

"சிம்பிள் சார். ரெண்டே கணக்கு. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் மேலே ஏறணும்." செல்போனைத் தட்டினார். "திருத்துறைப்பூண்டியிலேருந்து கோடியக்கரை, சுமாரா 46 கிலோமீட்டர். ஏற்றம்…" இங்கே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினெட்டு மீட்டர் சார்! அதுவும் வாய்க்கால் பாலமெல்லாம் சேர்த்து! மேட்டுப்பாளையத்திலேருந்து ஊட்டிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் ஏறணும். இது குழந்தைங்க ரூட்."

அந்த வழியில் ஒரு தடவை நான் பட்டது அவருக்குத் தெரியாது. "ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் என் வயதையும் முழங்காலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்த எவனுக்கும் ஏற்றம் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுதான். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தரை ஒரே சீராகச் சாய்ந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத சாய்மானம், தண்ணீருக்கு மட்டும் தெரியும். கோடியக்கரை வட்டாரத்தின் மிக உயர்ந்த இடம் எது என்று கேட்டால் ராமர் பாதத்தைக் காட்டுவார்கள். அது மலையில்லை, மணல்மேடு. எங்கள் ஊர்ப் பக்கம் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம் என்று வரிசையாகப் 'புலம்' வரும். அதெல்லாம் பழைய கடல் விட்டுப்போன மணல் திட்டுகள். பள்ளத்தில் நெல், மேட்டில் மா, மல்லிகை, புகையிலை. மேடென்றால் எங்களுக்கு அவ்வளவுதான். சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளுகிற மாதிரி ஒரு மேட்டை நான் முதன்முதலில் பார்த்ததே வேலைக்குப் போன ஊரில்தான்.

அப்படியானால் எங்கள் ஊரில் எல்லா வழியும் ஈஸியா? அங்கேதான் என் அப்பா வருகிறார்.

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கடைத்தெரு. எட்டு சைக்கிள், எல்லாம் கறுப்பு, பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர். எண்பதுகளில் மணிக்கு ஐம்பது காசு. ஊரில் மற்ற கடைக்காரர்கள் நோட்டில் பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம் என்று மூன்று கட்டம் போடுவார்கள். அப்பா நோட்டில் நாலாவதாக ஒரு கட்டம் இருக்கும்: 'திசை.'

ஆடி மாசம் மேற்கே போகிறவனுக்கு ஒரு மணி நேரம் இலவசம். மார்கழியில் வடக்கே போகிறவனுக்கு அரை மணி. பங்குனி, சித்திரையில் மதியத்துக்கு மேல் கிழக்கே போனால் அரை மணி. இதற்காகவே சில சாமர்த்தியசாலிகள் மேற்கே போவதாகச் சொல்லிவிட்டுக் கிழக்கே ஓட்டிப் பார்த்ததுண்டு. திரும்பி வரும்போது மூச்சுவாங்கவில்லை என்றால் அப்பா நோட்டில் அடித்து எழுதிவிடுவார். "வேர்வையைப் பாத்தாலே தெரியாதா?"

அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. ஆனால் மேடே இல்லாத சீமையில் காற்றுதான் மேடு என்று கண்டுபிடித்து அதற்கு ரேட்டும் போட்டிருந்தார். மலையாவது நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் மேடு மாசத்துக்கு மாசம் திசை மாறும், மணிக்கு மணி உயரம் மாறும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று நாலுக்கும் நம் முன்னோர் தனித்தனியாகப் பெயர் வைத்தது பாட்டெழுத மட்டுமில்லை.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறீர்கள். எதிரே காற்றும் 15. உங்கள் நெஞ்சில் மோதுவது 30. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் தடையே பூஜ்யம். ஒரே ரோடு, ஒரே ஆள், ஒரே சைக்கிள்!

இதைப் புரிந்துகொண்டு விழா எடுக்கிற ஒரு நாடும் உண்டு. நெதர்லாந்து. நம் டெல்டா மாதிரியே தட்டை, நம்மைப் போலவே கடலோடு சண்டை. அங்கே 2013-லிருந்து எதிர்காற்று சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல் தடுப்பணையின் மேல் எட்டரைக் கிலோமீட்டர். தேதி முன்கூட்டியே கிடையாது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசப்போகிறது என்று வானிலை அறிக்கை வந்தால்தான் போட்டி. முக்கியமான விதி, கியர் வைத்த சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதாரண வண்டிதான். அப்பா இதைக் கேட்டிருந்தால் எட்டு சைக்கிளையும் கப்பலில் ஏற்றியிருப்பார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு குட்டியானையில் சைக்கிள்களை ஏற்றித் திருத்துறைப்பூண்டிக்குப் போய் அங்கிருந்து மிதிப்பதாக ஏற்பாடு. விடியற்காலை ஐந்து மணிக்கு மிதிக்க ஆரம்பித்துவிட வேண்டும் என்று நான் சனிக்கிழமையே மூன்று தடவை சொன்னேன். "நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு அஞ்சு மணியா? ரெண்டு மணி நேர வேலை சார்" என்றார் கியர். குட்டியானை தாமதம். திருத்துறைப்பூண்டியில் பொங்கல், வடை. அப்புறம் கியர் நடுரோட்டில் கையைக் காலை நீட்டி ஏதோ பயிற்சி. ஒரு ஹெல்மெட், ஒரு கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த நிஜார். (இந்த நிஜாரைப் பற்றி டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டதை எழுத எடிட்டர் விடமாட்டார்.) நான் அப்பாவின் ஐந்தாம் நம்பர் சைக்கிளோடு வந்திருந்தேன். டைனமோவோடு.

கிளம்பும்போது மணி பத்தே கால்.

வயலெல்லாம் காய ஆரம்பித்ததும் தரை சூடாகும். சூடான காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே வரும். பங்குனியில் இது பத்து, பத்தரைக்குத் தொடங்கி மதியம் மூன்று மணிக்கு ஆளைத் தள்ளுகிற அளவுக்கு வளரும். கோடியக்கரை கடற்கரையின் மூலை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. இரண்டு பக்கமும் கடல் உள்ள மூலையை நோக்கி, தென்கிழக்காக, சரியாகக் கடல் காற்று கிளம்புகிற நேரத்துக்கு நாங்கள் கிளம்பினோம்.

முதல் அரை மணி கியர் கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த அரை மணியில் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். பதினொன்றரைக்கு எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். அதாவது, நான் அவர் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

"சார், டயர்ல காத்து இல்லையோ?"

"டயர்ல இருக்கு. வெளியிலயும் இருக்கு."

பங்குனியில் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் உளுந்து, பயறு நிற்கும். அதைப் பிடுங்கிக் கொடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்துவிடும். தை, மாசியில் நெல் காயும். அதன்மேல் ஏறினால் வழுக்கும், விழுந்தால் அடி, எழுந்தால் திட்டு. உளுந்தின் மேல் ஏறினால் என்னாகும் என்பதைக் கியர் செய்து காட்டினார். பின் சக்கரத்தில் கியர் மாற்றும் இரண்டு சின்னப் பல்சக்கரங்களுக்குள் கொடி நுழைந்து பின்னிக்கொண்டது. சக்கரம் நின்றது. அவரும் நின்றார், ஆனால் படுத்தபடி.

ஓரமாக முறத்தால் தூற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்தார். அடிபட்டதா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தார்: "ஏ தம்பி, கனத்த வண்டி ஏறட்டும்னு போட்ருக்கோம். ஒன் வண்டி ஏறி ஒரு உளுந்து ஒடையுமா?" பிறகு என்னிடம், "ஏண்ணே, பெரியவுக நீங்க சொல்லப்படாதா? செயின் மூடி இல்லாத வண்டிய எவராச்சும் ரோட்ல எடுப்பாகளா?" என்றவர் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து, கொடியை நார் நாராக அறுத்து எடுத்தார். இருபத்தோரு கியரில் பதினெட்டுதான் அதற்குப் பிறகு வேலை செய்தது. என் ஐந்தாம் நம்பருக்குச் செயின் கார்டு உண்டு. நான் உருட்டிக்கொண்டு தாண்டியிருந்தேன்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு நான் முதலில் கொடுக்க வேண்டிய மூன்று லெவலையும் கொடுத்துவிடுகிறேன். கியர் மூச்சு வாங்கட்டும்.

புதிதாக ஓட்ட ஆரம்பித்திருக்கிறீர்களா, தொப்பை ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போங்கள். பதினோரு கிலோமீட்டர்தான். மாசி மாசம், விடியற்காலை, காற்று தூங்குகிற நேரம். ஊர் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி. இரண்டு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்து, 28-ம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ம் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளினார். ஏறக்குறைய 240 கிலோமீட்டர், சித்திரை வெயில், அவருக்கு வயது 51. தங்க இடமோ சாப்பாடோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டிவைத்திருந்தார். அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, 'கால் வலிக்கிறது' என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அப்புறம் கோடிக்காடு. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயம் ஆக்கினார்கள். 2002-ல் ராம்சார் பட்டியலில் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகச் சேர்ந்தது. வெளிமானையும், ஆளில்லாமல் திரியும் குதிரைகளையும் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். பூநாரை பார்க்க வேண்டுமானால் கார்த்திகை, மார்கழி. கோடையில் பாலைப்பழம் கிடைக்கும். வாயில் போட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும், பேசுகிற நண்பர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம். ரோட்டில் குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். போட்டால் அடுத்த சைக்கிள்காரர் பையைப் பிடித்து இழுக்கும். அந்த அடுத்த சைக்கிள்காரர் நான். இன்னொன்று: தூரத்தில் பறவை தெரிகிறதே என்று ரோட்டைவிட்டுச் சேற்றுத் தரையில் வண்டியை இறக்காதீர்கள். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு போய்ப் புதைகுழியில் இறங்குவானே, அது இந்தக் கரையில்தான். மேலே காய்ந்து வெள்ளையாக இருக்கும், காலை வைத்தால் முழங்கால்.

கொஞ்சம் பழகியவரா? வேதாரண்யத்திலிருந்து வடக்கே கடலோரக் கிராமங்கள்: செம்போடை, புஷ்பவனம், நாலுவேதபதி, வெள்ளப்பள்ளம். போகும்போது கடல் பக்கம், திரும்பும்போது உள்ளே புலங்களின் வழி. இந்தச் சாலைகளின் அழகே வேலியும் நிழலும்தான். மாந்தோப்பும் தென்னையும் காற்றை மறைத்துக் கொடுக்கும். கொடுத்துக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய பிறகு, முப்பது நாற்பது வருஷத்து மரங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. நிழலில் ஓட்டின ரோடு வெயிலில் ஓட்டுகிற ரோடாகி, 'ஈஸி'யாக இருந்தது 'மீடிய'மாகிவிட்டது. செல்போன் மேப்பில் அந்தக் கணக்கு வராது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. இன்னும் சில வருஷம் பொறுங்கள்.

நிஜமாகவே பலசாலியா? நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. அறுபத்தைந்து கிலோமீட்டர் பக்கம். மார்கழியில் தெற்கே போகும்போது வாடை முதுகில் கைவைத்துத் தள்ளும், 'நான்தான் சாம்பியன்' என்று தோன்றும். அதே நாள் திரும்பி வந்தால் அந்த நினைப்பு போய்விடும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை அந்த ரோடு வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறவர்களுக்குச் சொந்தம், நீங்கள் போகவேண்டாம். தஞ்சாவூரிலிருந்தே வடுவூர் ஏரி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வந்தால் நூறைத் தாண்டும். இதுதான் ரொம்ப ஹார்டு என்று நினைப்பீர்கள். ஆடி மாசம் மேல்காற்றில் வந்து பாருங்கள், நூறும் ஐம்பது மாதிரி இருக்கும். திரும்பிப் போவதற்கு அகஸ்தியம்பள்ளியிலிருந்து 2023 ஏப்ரலில் திறந்த அகல ரயில் பாதை இருக்கிறது. சைக்கிளையும் ஏற்றுவார்களா என்று ஸ்டேஷனில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் உலகம் முழுக்க 'ப்ரெவே' என்று ஒன்று நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் அதே பதின்மூன்றரைதான். அப்பாவாக இருந்தால் திசை கேட்டிருப்பார்.

மணி ஒன்று. கியர் பேசுவதை நிறுத்தியிருந்தார். பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு ஒருவர் எங்களைத் தாண்டினார். அறுபத்தைந்து வயதிருக்கும். கேரியரில் இரண்டு கட்டு பசும்புல். தலைப்பாகை, பழைய சைக்கிள், பெடலில் கட்டை இல்லை, கம்பிதான். தாண்டினவர் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, காத்துக்கு மாரக் காட்டாதீங்க. குனிஞ்சிக்கங்க. மெதுவா மிதிங்க, ஆனா நிறுத்தாதீங்க. அந்தா தெரியுது பாருங்க புளியமரம், அங்கேருந்து உள்ரோடு பிரியும். வேலி இருக்கு. ஒரு மைலு கூட. இருந்தாலும் அதுதான் கிட்ட."

கியர் செல்போனைப் பார்த்தார். "சார், உள்ள போனா ஒண்ணரை கிலோமீட்டர் ஜாஸ்தியாகுது."

"ஜாஸ்திதான். வாங்க."

உள்ரோட்டில் திரும்பியதும் காது அடைத்த சத்தம் நின்றது. வேலியின் மறைவில் காற்று தலைக்கு மேலேயே போய்விட்டது. ஐந்து நிமிஷம் கழித்துக் கியர் முதல் தடவையாகச் சந்தேகம் கேட்டார். "அவருக்கு எப்படி சார் மூச்சே வாங்கலை?"

நான் பதில் சொல்லவில்லை, எனக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு, அந்த உள்ரோடு எனக்குத் தெரிந்த ரோடு. 1987 ஆடி மாசம் அந்த ரோட்டை நான் எடுக்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு வேலைக்குப் பரீட்சை. மதியம் இரண்டு மணிக்கு. தேறினால் திருவாரூரிலேயே போஸ்டிங், வீட்டிலிருந்து போய்வரலாம். முதல் நாள் ராத்திரி அப்பா சொன்னார்: "விடியறதுக்கு முன்னாடி நாலு மணிக்குக் கிளம்பிடு. மேல்காத்து எறங்கியிருக்கும்." இருபது கிலோமீட்டர் திருத்துறைப்பூண்டிக்கு, ஒன்றரை மணி நேரம், எதற்கு நாலு மணி? எனக்கு வயது இருபத்தொன்று. கியரைவிட இளையவன். எட்டு மணிக்கு எழுந்து, ஐந்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு, நேர் ரோட்டில் மேற்கே கிளம்பினேன். பாதி வழியில் செயின் கழன்றது, மாட்டினேன், மறுபடி கழன்றது. கையெல்லாம் கிரீஸ். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது மணி பதினொன்றரை. பத்து மணி பஸ் போய் வெகு நேரம். அடுத்த பஸ்ஸில் ஏறிப் பரீட்சை ஹாலுக்குப் போனபோது இரண்டே முக்கால். கேட் சாத்தியிருந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை வாங்கித் திருப்பிப் போட்டு, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார். நோட்டில் அன்றைக்கு என் பெயரும் இருந்தது. திசை: மேற்கு. விட்ட நேரத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து வேறு வேலை கிடைத்தது, தருமபுரி பக்கம். மேடுள்ள ஊர். இருபத்தைந்து வருஷம் அங்கேயும் சுற்றுப்பக்கமும். அப்பாவின் கடை ஒவ்வொரு சைக்கிளாகக் குறைந்தது. 2005 வாக்கில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கெல்லாம் அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும் வாடகைக்கு ஆள் வருவது நின்றது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பெண்பிள்ளைகள் கூட்டமாக மிதித்துப் போவதைக் கடை வாசலில் உட்கார்ந்து பார்ப்பாராம். "காத்தை எதுத்துப் போவுதுங்க பாரு, பேசிக்கிட்டே" என்பாராம். அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் போனதும் போனில்தான் தெரிந்தது. பஸ் பிடித்து வந்து சேர ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. தஞ்சாவூருக்கு மாற்றல் கிடைத்தது அதற்கும் பின்னால்.

கோடியக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரம். கியர் ஒரு மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துத் தானும் சாய்ந்தார். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் இருந்த இடத்தைக் காட்ட நினைத்தேன். 2004 சுனாமியில் அதுவும் போய்விட்டது, எனவே கடலைத்தான் காட்ட முடியும். அவர் கடலைப் பார்க்கிற நிலைமையில் இல்லை. சரணாலயத்துக்குள்ளும் போகவில்லை. தூரத்தில் இரண்டு குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பொறாமையோடு பார்த்தார்.

"சார், குட்டியானை டிரைவருக்குப் போன் போட்டு இங்கேயே வரச் சொல்லிடலாமா?"

"நாலரை மணிக்குச் சொல்றேன்."

"இன்னும் நாப்பத்தாறு கிலோமீட்டர் என்னால முடியாது சார். நிஜமா."

நாலரை மணிக்கு இரண்டு டீ குடித்தோம். டீக்கடைக்காரர், "எந்தப் பக்கம் போறீங்க?" என்றார். திருத்துறைப்பூண்டி என்றதும், "அப்ப என்ன, உக்காந்துக்கிட்டாப் போதும்" என்றார். கியர் அதைக் கேலி என்று நினைத்தார்.

காட்டைத் தாண்டி உப்பளம் திறந்ததும் காற்று பின்னாலிருந்து பிடித்தது. கியர் பத்து தடவை மிதித்தார், நிறுத்தினார், சைக்கிள் நிற்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி மிதித்தார். "சார்!" என்று ஒரு கத்தல். உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். மெத்தை நிஜாரில் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வேதாரண்யத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டு வயது முழங்காலோடு நானும் பின்னாலேயே போனேன். ஒன்றேகால் மணி நேரத்தில் எங்கள் கடைத்தெரு வந்துவிட்டது. நான் பிரேக் பிடித்தேன்.

"எதுக்கு சார் நிறுத்திட்டீங்க? இப்பத்தான் செட்டாகுது!"

செல்போன் ரீசார்ஜ் கடையைக் காட்டினேன். ஷட்டருக்குப் பக்கத்தில் சுவரில் இரும்பு வளையம் இன்னும் இருந்தது, எட்டு சைக்கிளையும் சங்கிலி போட்டுப் பூட்டுகிற வளையம். அப்பாவைப் பற்றி, நோட்டைப் பற்றி, நாலாவது கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பரீட்சையைப் பற்றிச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. கியர் வளையத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப, இப்ப நாம மேற்கேதானே சார் போறோம்? ஒரு மணி நேரம் இலவசமா?"

"அது ஆடிக்குத் தம்பி. இது பங்குனி, சாயங்காலம். முழு வாடகை."

பர்ஸைத் திறந்து தேடினார். ஐம்பது காசு இல்லை; யாரிடம்தான் இருக்கிறது? ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார்.